நீருக்குள் நறுக்கிய நெல்லிலை

வரப்புச் சேற்றோடே மேடையேறி வயல்விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவி சௌதாமினி தாஸ் அவர்களே! கேந்திரபாடாவின் பெருவெள்ளத்துக்கே பெப்பே காட்டும் பெரியோர்களே! பகாளாவுக்காகத் தண்ணீர் ஊற்றிய சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! ஆய்வுப் பண்ணையில் பதினோரு ஆண்டாகச் சேறு மிதிக்கும் நிரஞ்சன் மல்லிக்கின் வணக்கம்!

நெல் பத்து நாள் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. செத்துவிட்டதா? இல்லை! மண் வறண்டு வெடிக்கிறது. மடிந்துவிட்டதா? இல்லவே இல்லை! பயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும், இதைச் செய், அதைச் செய் என்று கட்டளை சுமக்கும் ஆர்.என்.ஏ. என்னும் ஓலைகள் உண்டு. வெள்ளமோ வறட்சியோ வந்தால், சில புரதங்கள் பாய்ந்து போய் அந்த ஓலைகளைப் பற்றி, பொத்தி, பொட்டலமாகக் கட்டிவிடுகின்றன. ஆபத்து விலகியதும் அவிழ்த்து விடுகின்றன. பயிர் மறுபடி எழுகிறது! என்ன, பின்வரிசையில் சிரிப்பு? “சார் கதை விடுறாரு”ன்னா? மூன்று ஆண்டுகளாக என் மேலதிகாரிகளும் அதைத்தான் சொன்னார்கள்!

அப்போது என்னிடம் சான்று இல்லை, ஐயா! மூழ்கிய நாற்றைப் பிடுங்குவேன், கரைக்குக் கொண்டுவந்து வெட்டுவேன், உறைய வைப்பேன், நுண்ணோக்கியில் பார்ப்பேன். ஒரு பொட்டலமும் இராது! சென்ற மழைக்காலத்துப் பாத்ர மாத வெள்ளம்தான் கடைசி வாய்ப்பு. அதிலும் தோற்றால் ஆய்வுக்கு மூடுவிழா. கத்தரியும் குப்பிகளுமாய்ப் படகில் உட்கார்ந்திருந்தேன். துடுப்புப் போட்டவர், சோதனைக்கு நிலம் தந்த குந்தளா பெஹரா. அதோ, முந்தானையால் முகத்தை மறைக்கிறாரே, அவர்தான், நான் மௌசி, சித்தி என்று கூப்பிடுபவர்!

“ஏன் சார், மூஞ்சி செத்துப் போச்சு?”

“தேடுறது கிடைக்கல மௌசி.”

“எப்ப தேடுறீங்க?”

“கரைக்கு வந்து, கால் மணி கழிச்சு.”

“அட என் ராசா! ஆபத்து போனா அவுந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க? வெளிய எடுத்ததுமே காத்து பட்டுருச்சு. பயிரு நிம்மதியா மூச்சு விட்டப்புறம் கத்தியோட போனா என்ன இருக்கும்?”

அடடா! நான் படித்த படிப்பென்ன, பெற்ற பட்டமென்ன, இது உறைக்கவில்லையே!

“தண்ணிக்குள்ள எப்படி வெட்டுறது மௌசி?”

“தினம் ஆம்பல் தண்டு அறுக்குறவகிட்ட கேக்குற கேள்வியா இது? கத்தரியக் குடுத்துட்டு சும்மா உக்காருங்க!”

குதித்தார். எண்ணினேன். பத்து... இருபது... நாற்பது! “மௌசி!” என்று அலறினேன். நீரைப் பிளந்துகொண்டு தலை எழுந்தது. கையில் குப்பி, உள்ளே, நீருக்குள்ளேயே நறுக்கி நீரோடே மூடிய நெல்லிலை!

“என்னாத்துக்கு இப்படிக் கத்துறீங்க? மீனெல்லாம் ஓடிருச்சு!”

படகிலேயே பனிப்பெட்டியில் உறைய வைத்தோம். பதினேழு முறை குதித்தார், தாய்மார்களே, பதினேழு முறை!

நுண்ணோக்கியில் குனிந்தேன். கண்ணீர் மறைத்தது, துடைத்துவிட்டுப் பார்த்தேன். புள்ளி புள்ளியாய், பொத்திப் பொத்தி வைத்த பொட்டலங்கள்! வயலிலேயே நறுக்கி உறைய வைத்த, வெயிலில் வாடிய பயிரிலும் அவையே! ஆய்வு பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

கட்டுரையில் குந்தளாவின் பெயரைக் கண்டதும் மேலதிகாரிகள் கேட்டார்கள்: “இந்த அம்மா என்ன படிச்சிருக்காங்க?” நான் சொன்னேன்: “பண்ணையில படிச்ச நாங்க அஞ்சு பேரு மூணு வருஷமா செஞ்ச தப்பை, துடுப்புப் போட்டுக்கிட்டே கண்டுபிடிச்சாங்க!” உடனே ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள்.

நேற்று கட்டுரை அச்சேறியது. முதல் பெயர் குந்தளா பெஹரா! எழுந்திருங்கள், கை வலிக்கத் தட்டுங்கள்! மௌசி, வெட்கப்பட்டது போதும், மேடைக்கு வாங்க! பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, கும்பிட்டு இறங்குகிறேன், இரண்டாம் பெயர்க்காரன்!