ஊசி முனையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்

சோமனூரிலிருந்து திருப்பூர் போகும் டவுன் பஸ். பள்ளிக்கூட நாள்தான். எனக்கு முன்சீட்டில், ஜன்னலோரம், விரலில் பெரிய கட்டோடு ஒரு சிறுமி. பதிமூன்று வயதுக்கு மேல் இருக்காது. அவள் அம்மா, தன் மடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை இறுகப் பிடித்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அதென்ன அம்மிணி டப்பாவுல?"

"ஊசி முனைங்க்கா. ஆஸ்பத்திரியில இவ வெரல்ல இருந்து எடுத்தாங்க. இவ வேலைக்குப் போற கம்பெனியில குடுத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும்."

"அதைய எதுக்குக் குடுக்கறது?"

"தையல் மிஷின்ல ஊசி ஒடஞ்சா எல்லாத் துண்டும் கைக்கு வரோணுமுங்க. இல்லீன்னா சரக்கு வெளிய போகாது. நேத்து தைக்கற லைனையே நிறுத்திப்போட்டுத் தேடுனாங்க. ஒவ்வொரு பீஸா ஒதறிப் பாத்தாங்க."

"புள்ள வெரலைப் பாக்கலையா?"

"ஒரு துணியைச் சுத்திக்கிட்டு இவளும் கூடவே தேடியிருக்கறாளுங்க. வெரல் வீங்குனப்பறந்தான் முனை உள்ளார இருக்குதுன்னு தெரிஞ்சுது."

"அப்பறமாச்சும் ஆராச்சும் வந்தாங்களா?"

"சூப்பர்வைசர் வந்தாருங்க. டாக்டர் கேட்டா ஊட்டு மிஷின்ல குத்திக்கிச்சுன்னு சொல்லுங்கன்னாரு. முனையை மட்டும் தொலைச்சுப் போடாதீங்கன்னாரு."

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தன கூத்தும் பண்றதுக்கு அங்க என்ன கருமத்தைத்தான் தைக்கறாங்க?"

"கைக்கொழந்தைங்க போடற சட்டைங்க்கா. வெளிநாட்டுக்குப் போறது."

டப்பா மூடியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"கொழந்தைக்குக் குத்தீரக் கூடாதுங்களாமா."