முதல் வாசிப்பு

நான் நன்றாகப் படிப்பேன், சார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் திக்காமல் படித்துவிடுவேன். அதுவே எனக்குக் குறையாகப் போனது.

தொலைக்காட்சித் தொடருக்கு வடபழனியில் ஆள் எடுத்தார்கள். வசனத்தை முன்கூட்டித் தர மாட்டார்கள். கையில் தாளைத் திணித்து, அந்த நிமிடமே நடிக்கச் சொல்வார்கள். எனக்கு வந்தது, தம்பி செத்த சேதியைக் கடிதத்தில் படிக்கும் அண்ணன் வேஷம். படித்தேன். டைரக்டர் ஜம்புலிங்கம் சிரித்தார்.

“பாஸ்கரன், அடுத்த வரி என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுது. படிக்கிறவனுக்கு அது தெரியக் கூடாது.”

அடுத்த மாதம் இன்னொரு முறை வரச் சொன்னார்.

கண்ணாடி முன் நின்று பழகினேன். வாரப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் என் முகம் ஒன்றுதான். தெரியாததைப் படிக்கும் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமல் எப்படிக் கற்பது? நீங்களே சொல்லுங்கள்.

நான் குடியிருக்கும் அண்ணனூரில் பக்கத்து வீட்டு நாகம்மாள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒவ்வொரு சொல்லும் முகத்தில் தனித்தனியாக விழும். அதற்காகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். அவள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அவள் கணவன் ஜெயராமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவன் கை மெஷினில் மாட்டிக்கொண்டது, பிழைப்பது கஷ்டம், உடனே வரவும் என்று எழுதி, கம்பெனி ஆள் கொடுத்ததாகச் சொல்லி நீட்டினேன். படித்து முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

அவள் அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ‘மெஷினில்’ என்ற சொல்லில் நின்றவள், முந்தின வரிக்குத் திரும்பிப் போனாள், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. இதை யார் சொல்லித்தருவார்கள்? பிறகு செருப்புகூடப் போடாமல், ஸ்டேஷனுக்குக் குறுக்கே போகத் தண்டவாளத்துப் பக்கம் ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

மறுபடி ஜம்புலிங்கத்திடம் படித்தபோது நானும் முந்தின வரிக்குத் திரும்பினேன். வேஷம் கிடைத்தது. அந்தக் காட்சி வந்த அன்று ஜெயராமன் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தான். செத்த மனைவியின் கைக்குள் கசங்கிக் கிடந்த தாளை யார் கொடுத்தது என்று அதுவரை தெரியாமல் அலைந்தவன். டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டான்:

“அண்ணாத்தே, எங்க ஊட்டுக்காரி படிக்கிற மாதிரியே கீது. அது கடைசியா படிச்சத நீ எங்க பாத்தே?”

நான் மறைக்கவில்லை. என் நடிப்பை அவ்வளவு கவனித்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

விபத்து என்று எழுதிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். அவள் தண்டவாளத்தின் நடுவே ஒருமுறை நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “மெய்யாலுமா நைனா?” என்று கேட்டாள். ஆவடிப் பக்கமிருந்து வண்டி வருவது எனக்குத் தெரிந்தது. பொய் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் நம்பவும் முடியாமல் நம்பாமலிருக்கவும் முடியாமல் நிற்கும் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பார்த்துக்கொண்டே நின்றேன்.