இவரை மறைக்கவா?

அதைச் செய்த அன்று அடுப்பில் இருந்தது பாலா, கஞ்சியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஏதோ பொங்கி வழிந்த வாசனை மட்டும் நினைவிருக்கிறது. அதுகூட வேறொரு நாளின் வாசனையாக இருக்கலாம். அப்பாவோடு ஒரே வீட்டில் பகலும் இரவும் இருப்பவளுக்கு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, நான் சொல்வதில் முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ததில் மாற்றமில்லை.

எங்கள் குடும்பத்தின் படங்களை உங்கள் நிறுவனம்தான் இத்தனை காலம் இணையத்தில் பத்திரமாக வைத்திருந்தது. அவை எப்படிக் காணாமல் போயின என்று தம்பி புகார் கொடுத்திருக்கிறான். எங்கள் வீட்டு டேப்லெட்டிலிருந்துதான் அழிக்கப்பட்டன என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். வயதானவரின் கை தவறிப் பட்டிருக்குமோ, உறுதி செய்யுங்கள் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. பதிலைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கைத் தொடங்கியது தம்பி. வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். சரக்குக் கப்பலில் மின்சார வேலை பார்க்கிறான். ஏறினால் பல மாதம் கழித்துத்தான் இறங்குவான். அம்மா இறந்த பிறகு ஒருமுறை வந்திருந்தபோது, பழைய ஆல்பத்தைக் கரையான் அரிக்கத் தொடங்கியிருந்ததைப் பார்த்துப் பதறிப்போனான். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தான். அவன் போன், என் போன், அப்பாவின் டேப்லெட் மூன்றையும் ஒரே கணக்கில் இணைத்தான். கரையான் மற்ற சாமான்களுக்கும் பரவிவிடும் என்று ஆல்பத்தைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினான்.

“இனி என் போன் கடல்ல விழுந்தாலும் படம் விழாதுக்கா” என்றான்.

ஒரே பெட்டி, மூன்று பேரிடமும் சாவி. ஒருவர் எடுத்தால் மூவருக்கும் இல்லாமல் போகும். இதை அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும், எங்களில் யார் எடுக்கப்போகிறார்கள் என்று அதோடு விட்டிருப்பான். குடும்பத்துக்குள் அப்படி யோசிக்க மாட்டோம் இல்லையா?

பிறகு அப்பாவுக்கு மறதி வந்தது. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். “மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று நாளெல்லாம் சொல்லும் வேலை. அதை விட்டுவிட்டு அப்பாவுடன் வீட்டில் தங்கினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அப்பாவைப் பார்த்த டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். “தினமும் படத்தக் காட்டி இது யாரு, இது யாருன்னு கேளுங்க. கேட்கக் கேட்கத்தான் ஆளு மனசுல நிப்பாங்க. காட்டாம விட்டீங்கன்னா போயிடுவாங்க.”

தினமும் காலையில் சாப்பாடு ஆனதும் டேப்லெட்டை அப்பாவின் மடியில் வைப்பேன். சின்னவன் அவர் தோளில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தால் முகம் மலர்ந்துவிடும். “என் சிங்கக்குட்டி” என்பார். அடுத்து என் படம் வரும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். பிறகு என்னையும் பார்ப்பார்.

“நீ எத்தன நாளா இங்க வேல பாக்குற?”

“ரொம்ப நாளா.”

“சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?”

“வருது.”

“யாரு தர்றா?”

“உங்க பொண்ணு.”

“அட, எனக்குப் பொண்ணு வேற இருக்கா?” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

இதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. நோயாளி சொல்வதை மனதில் போட்டுக்கொள்ளக்கூடாது என்று எனக்குத் தெரியும். காரணம் வேறு.

மாலையானால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். “பையன் வர்ற நேரம்” என்பார். கதவின் மேல்முனையில் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். முக்காலியை ஒளித்தேன். கதவைக் கையால் அடித்தார். இருட்டும் வரை அடிப்பார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மகன், இந்தப் பக்கம் நான். வெளியே போக முடியாதவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர்தான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது எப்படியோ திறந்துகொண்டு போய்விட்டார். ஒரு லாரி டிரைவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

“பெரியவர இப்படியா விடுவீங்க? நடு ரோட்டுல நிக்கிறாரும்மா. பிரேக் பிடிக்கலன்னா அள்ளித்தான் குடுத்திருக்கணும்.”

“மன்னிச்சிடுங்கண்ணா.”

“என்கிட்ட எதுக்கு? மகன் வர்றான், மகன் வர்றான்னு பொலம்புறாரு. அந்தப் புண்ணியவானக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.”

அந்தப் புண்ணியவான் அப்போது நடுக்கடலில் இருந்தான். அவனை வரவைக்க என்னால் முடியாது. அப்பா காத்திருப்பதை நிறுத்த வேண்டுமானால் மிச்சமிருப்பது ஒரு வழிதான். டாக்டரம்மா எச்சரிக்கையாகச் சொன்ன அதே வழி. மறுநாள் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சின்னவனின் முகத்தில் விரல் சற்று அழுத்தமாகப் பட்டுவிட்டது. உங்கள் செயலி மரியாதையாகக் கேட்டது: இவரை மறைக்கவா?

ஒரே ஒரு தொடுதல்தான். பல் முளைக்காத குழந்தை, மீசை அரும்பிய பையன், கப்பல் சீருடையில் நிற்கிறவன், எல்லோரும் ஒரே ஆள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பெற்றவருக்கே சில நாள் தெரியாதது அதற்குத் தெரிந்தது. நான் கொஞ்சம் வியந்தேன்.

முதலில் அப்பா தேடினார். “இன்னொருத்தன் இருப்பானே?” என்பார். “எல்லாம் இதுல இருக்கறவங்கதாம்ப்பா” என்பேன். பொய் சொல்லவில்லை. அதில் இருந்தவர்களைத்தான் சொன்னேன். கொஞ்ச காலத்தில் சட்டை மாட்டுவது நின்றது. கதவில் அடிப்பது நின்றது. தோள் மேல் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் அவரே என் தலையைத் தொட்டு “சிங்கக்குட்டி” என்றார். அன்று மதியம் நான் நன்றாகத் தூங்கினேன்.

துறைமுகத்தில் நிற்கும்போது சின்னவன் அழைப்பான். அப்பா தூங்குகிறார் என்பேன்.

“எழுப்பாதக்கா. தூங்கட்டும். நீ சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

“நீ இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்னு நெனச்சுப் பாப்பேன்க்கா.”

அவன் நல்லவன். அதை நான் எங்கும் மறுக்கமாட்டேன்.

மறைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருநாள் அப்பா அம்மாவின் படத்தில் விரல் வைத்தார். அம்மாவின் இடுப்பில் ஒரு குழந்தை. முகம் படத்துக்கு வெளியே போயிருந்ததால் செயலிக்கு ஆள் தெரியவில்லை. கை மட்டும் அம்மாவின் தோளில் இருந்தது. “இது யாரோட கை?” என்றார். உன் கையா என்று என் கையைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். அன்று மாலை மறுபடி சட்டையைத் தேடினார்.

மறைப்பது போதாது என்று அப்போதுதான் புரிந்தது. சின்னவன் இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அம்மா அவனைக் கீழே இறக்கியதே இல்லை. ஆகவே அம்மாவும் போக வேண்டியிருந்தது. அம்மா தனியாக நின்ற படங்கள் சில இருந்தன. அவற்றைப் பார்த்தால் அப்பாவுக்குப் பிள்ளை ஞாபகம் வரும் என்று அவற்றையும் அழித்தேன். அழித்தவை குப்பைத்தொட்டியில் சிறிது காலம் இருக்கும், வேண்டுமானால் மீட்கலாம் என்று உங்கள் செயலி சொன்னது. அந்தக் கெடு முடிவதற்குள் சின்னவன் கரை தொடமாட்டான், நடுக்கடலில் அவன் போனுக்கு இணையம் கிடைக்காது என்பதை அவன் பயணத் தேதிகளைப் பார்த்து முன்பே உறுதி செய்துகொண்டிருந்தேன். கெடு முடியும் வரை டேப்லெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன்.

சின்னவன் சொல்லாமல் வந்தான். தோளில் பை. அப்பா நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“யாருங்க? மீட்டர் பாக்க வந்தீங்களா?”

“ஆமாங்கய்யா” என்றான் சின்னவன் சிரித்தபடி. “கரண்டு ஆளுதான். ரீடிங் எடுக்கலாமா?”

“எடுத்துட்டுச் சீக்கிரம் கெளம்புங்க. வீட்டுல பொம்பளப் புள்ள தனியா இருக்கு.”

அவன் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து டேப்லெட்டை எடுத்தான். “இப்பப் பாருங்கப்பா, உங்களுக்கு எல்லாம் ஞாபகம் வரும்” என்று தள்ளினான். தள்ளிக்கொண்டே போனான். அப்பாவும் நானும். நானும் அப்பாவும். தன் போனை எடுத்துப் பார்த்தான். அதிலும் அதுவேதான் இருந்தது.

“அக்கா, அம்மா எங்க?” என்றான்.

“கம்பெனிக்காரன் ஏதோ மாத்திட்டான் போல” என்றேன்.

அப்படித்தான் உங்களுக்குப் புகார் வந்தது. வீட்டு டேப்லெட்டிலிருந்துதான் என்று நீங்கள் சொன்னதும் அவனாகவே முடிவுக்கு வந்துவிட்டான். “பாவம், அப்பா கை பட்டிருக்கும். விடுக்கா, அவரக் கேக்காத” என்றான். அப்பாவின் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். மீட்டர்காரர் ஏன் அழுகிறார் என்று அப்பா என்னைக் கேட்டார். நான் காப்பி போடப் போனேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அப்பாவின் விரல்கள் நடுங்கும். ஒரு படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுக்க அவரால் முடியாது. எல்லாவற்றையும் நான் அழித்தேன், முழு நினைவோடு. அப்பாவின் உயிரைக் காப்பாற்றுவதற்காக.

சின்னவன் மறுபடி கப்பலேறிவிட்டான். போவதற்கு முன், அம்மாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று பேச்சு வந்தது. ஆளுக்கொரு பக்கம் சொன்னோம். எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் அவனுக்குக் காட்டினால் இனி என்னை அழைக்கமாட்டான் என்று நினைக்கிறேன். நான் வேலைக்குத் திரும்பவில்லை. அப்பாவின் உடம்பு நன்றாக இருக்கிறது. வாசலுக்குப் போவதில்லை, யாரையும் கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறார். நான் அறைக்குள் நுழையும்போது மட்டும் என்னிடமிருந்து ஒளிபவர்போல் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அசையாமல் படுத்திருக்கிறார்.