காரா கோர்ட்டுக்கு வந்த நாள்

...இவ்ளோ நேரமாவா ஒரு மனுஷியை உக்கார வைப்பான்? இந்த வுலேத்திச் வக்கீலுக்கு இப்ப அவ்ளோ மவுசு! ஊர்ல வேலை போனவன் எல்லாம் இவன் வாசல்லதான். சரி, வர்றவங்களுக்கு ஒரு காப்பி... ம்ஹூம். அந்த நாற்காலி ஆடுது தம்பி, இப்படி நகந்து உக்காருங்க.

என்ன அப்படிப் பாக்குறீங்க? என்னைக் கோர்ட்டுல பாத்திருப்பீங்க. ரதொய்கா. அரசாங்க வக்கீல். கவர்மெண்டு யாரையாவது வேலையை விட்டுத் தூக்கும், அவங்க கேஸ் போடுவாங்க, நான் போய் நின்னு ‘தூக்குனது ரொம்ப சரி’ன்னு பேசுவேன். இருபது வருஷமா இதான் பொழப்பு. அய்யய்யோ, பையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பாதீங்க! இப்ப என்னையே தூக்கிட்டாங்க. அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன். எந்த வுலேத்திச்சை நான் வருஷக்கணக்கா மண்ணைக் கவ்வ வெச்சேனோ, அவன் வாசல்லயே! எல்லாம் ஒரு நாயால வந்தது.

சத்தியமா நாய்தான். சுங்கச் சாவடி நாய், பேரு காரா. கரிக்கட்டை மாதிரி கறுப்பு. பல்கேரியா எல்லையில லாரி லாரியா மோந்து பாத்து, வரி கட்டாத புகையிலையைப் பிடிக்கணும். அதை வெச்சிருந்தவர் ஸ்லாவோல்யுப்னு ஒருத்தர். பாவம், பேசவே காசு கேப்பாரு போல, அவ்ளோ அமைதியான ஆளு. ‘நாய் சும்மா தூங்குது, குலைக்கவே மாட்டேங்குது’ன்னு சொல்லி நாயை வீட்டுக்கு அனுப்பிட்டு, இவரைப் பழைய காயிதம் அடுக்குற ரூம்ல போட்டுட்டாங்க. மனுஷன் கேஸ் போட்டாரு. அவருக்கு இந்த வுலேத்திச், கவர்மெண்டுக்கு நான்.

சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன் தம்பி! நாலு வாய்தா வாங்கியிருந்தா அவரே அலுத்துப் போய் விட்டிருப்பாரு. என் வாய் இருக்கே... ‘கனம் நீதிபதி அவர்களே, அந்த நாயையே கொண்டாரச் சொல்லுங்க, கோர்ட்டே பாக்கட்டும்’னுட்டேன். சுங்க அதிகாரி என் கையைப் பிடிச்சு இழுக்குறாரு, ‘வேண்டாம்மா, நாயை நம்பாதீங்க’ன்னு. நான் கேட்டாத்தானே!

வந்துச்சு. வந்ததும் நீதிபதி மேஜைக்கு அடியில படுத்து ஒரு குறட்டை விட்டுச்சு பாருங்க! எங்க வீட்டுக்காரர் தோத்தாரு. எனக்குத் தலைகால் புரியல. ‘பாத்தீங்களா, அரசாங்கச் சோறு தின்ன லட்சணத்தை!’ன்னு ஒரு போடு போட்டேன். கோர்ட்டே சிரிக்குது. ஸ்லாவோல்யுப் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அந்த ஜோர்லயே ஒரு காயிதம் எடுக்கலாம்னு பையைத் தொறந்தேன்.

காரா கண்ணை முழிச்சுச்சு. சோம்பல் முறிச்சுக்கிட்டு மெதுவா நடந்து வந்து, என் பை முன்னால பொம்மை மாதிரி உக்காந்துச்சு. குலைக்கல. அசையல. என் மூஞ்சியையே பாக்குது! ‘அது குலைக்காதுங்க, உக்காரும். உக்காந்தா புகையிலை இருக்குன்னு அர்த்தம், அப்படித்தான் பழக்கியிருக்கு’ன்னு அவர் கேஸ் மனுவிலயே சொல்லியிருந்தாராம். அதை யாரு படிச்சா?

இருந்துச்சு தம்பி... பைக்குள்ள இருந்துச்சு. என் நாத்தனா போசில்கா சந்தையில வாங்கிக் குடுத்த நறுக்குப் புகையிலை. வரியாவது ஒண்ணாவது! அவளை நான் என்னைக்கு நம்பி உருப்பட்டேன்? சரி சரி, நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். கடை சிகரெட்டு நம்ம நெஞ்சுக்கு ஒத்துக்காது. ஸ்லாவோல்யுப் என்கிட்ட குனிஞ்சு, ‘அம்மா, பையை மூடிடுங்க, நான் நாயைக் கூப்பிட்டுக்கிறேன்’ன்னாரு, யாருக்கும் கேக்காம. அவர் கேஸே அந்தப் பையிலதான் இருக்கு! அப்பவும் அப்படிச் சொன்னாரு பாருங்க. அதுக்குள்ள இந்த வுலேத்திச் எந்திரிச்சுட்டான். ‘கனம் நீதிபதி அவர்களே, சாட்சி சொல்லி முடிச்சாச்சு’ங்கிறான், படவா!

அவரும் நாயும் எல்லைக்குத் திரும்பிப் போய்ட்டாங்க. நான் வீட்டுக்குப் போய்ட்டேன். அவ்ளோதான்.

என்னைப் பத்தியே பேசுறேன், உங்க கதை என்ன? ஆஸ்பத்திரிச் சமையக்கட்டா? பனியில ரோடு அடைச்சு மூணு நாள் வரலன்னு தூக்கிட்டாங்களா? எழுத்து மூலமா தெரியப்படுத்துனீங்களா? போன் பண்ணுனா? போன் எழுத்தாகுமா? பக்கத்து வீட்டுக்காரர் அன்னைக்கு வேலைக்குப் போனாரா இல்லையா? நடந்தா? அவருக்குக் கால் இருக்கு, உங்களுக்கு இல்லையா? பனி வரும்னு ரேடியோல சொன்னான்ல, முந்தின நாளே வந்து ஆஸ்பத்திரியில படுத்திருக்கலாம்ல? அப்ப தப்பு யாரு மேல? சொல்லுங்க, யாரு மேல?

எங்க எந்திரிச்சுட்டீங்க? தம்பி! உக்காருங்க... அட, கோட்டை மாட்டுறாரே! இல்லப்பா, அது கவர்மெண்டு வாய், பழக்க தோஷம்! உங்க கேஸ் நல்ல கேஸ், போன் பண்ணியிருக்கீங்க, ரோட்டை அடைச்சது ஊருக்கே தெரியும், நான் எதிர்ப்பக்கம் இருந்தா பயந்து போயிருப்பேன்! பயந்தாத்தான் இப்படிக் கத்துவேன்! இத்தனை பேரை இப்படித்தான் எந்திரிச்சு ஓட விட்டு, ஜெயிச்சேன்னு எழுதிக்கிட்டேனா நான்...

யாரும்மா, என்னையா கூப்பிடுறே? இரு, உங்க ஐயாவைக் காத்திருக்கச் சொல்லு. தம்பி! படியில ஐஸ் கெடக்கு, பாத்து! என் முட்டி வேற... நில்லுங்கப்பா! என் முறையை எடுத்துக்குங்க, நீங்க முதல்ல உள்ள போங்க! நானும் கூட வந்து உக்கார்றேன், அவங்க என்னென்ன கேப்பாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லித் தர்றேன்! நில்லுங்க... அட, பேரைக்கூட கேக்கலையே நான்... ஏம்ப்பா, உங்க பேரு என்ன?