ரிமூவுன்னா என்னங்க

காந்திபுரத்திலிருந்து காரமடை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் காலித் தூக்குப்போசி.

"என்னைய ரிமூவ் பண்ணிப்போட்டாங்கக்கா," என்றார் அவர்.

மற்றவர் மில்லில் வேலை பார்த்தவர் போலும். "சஸ்பெண்டுன்னா திருப்பிக் கூப்புடுவாங்க. டிஸ்மிஸ்ஸுன்னா கேட்டுக்குள்ளயே உடமாட்டாங்க. அதென்ன அம்மணி ரிமூவு?"

"குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப்புல இருந்துங்க்கா. எம்மக வேற சாதிப் பையனைக் கட்டுனாள்லங்க, அவளுக்குக் கொழந்தை பொறந்திருக்குது. ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரிக்குப் பத்தியச் சோறு கொண்டுபோனேன். அதுக்குத்தான்."

"அப்ப அடுத்த மாசம் கோயில் பொங்கலு?"

"நான் வெக்கக்கூடாதாமா. முன்னெல்லாம் ஒருத்தரை ஒதுக்கி வெக்கோணும்னா நாலு பேரு ஊடு தேடி வந்து சொல்லுவாங்க. நாமளும் நெஞ்சாற ரெண்டு வார்த்தை கேட்டுப்போடலாம். இப்பப் போன்ல ஒத்தை வரிதானுங்க்கா. ஆருகிட்டப் போய்க் கேக்கறது?"

"பண்ணுனது ஆரு?"

அவர் தூக்குப்போசியின் மூடியை அழுத்தினார். அது நன்றாக மூடித்தான் இருந்தது.

"எங்க ஊட்டுக்காரருதானுங்க. அவருதான் அட்மினு."

பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தவரின் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான்.

"பஸ்ஸுல வந்துட்டிருக்கறனுங்க," என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "மாவு இருக்குதுங்க. வந்து தோசை ஊத்தித் தாரனுங்க."