ஒல்லாந்தர் கட்டாத குசினி

பாலையடி வாடிவீட்டின் பொறுப்பாளராக ஐம்பத்தாறாம் ஆண்டு முதல் அரும்பணி ஆற்றி, இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் பெருமதிப்புக்குரிய மனுவேல் பஸ்ரியாம்பிள்ளை அவர்களுக்கு, உடனுழைத்த ஊழியர் உவந்தும் உள்ளம் புழுங்கியும் வாசித்தளிக்கும் மடல்.

வந்தாரை வரவேற்ற வாடிவீட்டு வேந்தே!

கடல் கொந்தளித்து வள்ளம் விடாத நாட்களில், நயினாதீவுக்குப் போகும் அடியாரும் நெடுந்தீவுக்குப் போகும் உத்தியோகத்தரும் இரவு தங்க எங்கள் வாசலில் வந்து நின்றால், முதலில் கேட்பது சோறு அல்ல, "பஸ்ரியாம்பிள்ளை நிக்கிறாரோ?" என்பதே. சோறு ஆக்கிய கதிர்காமுவை எவரும் கேட்டதில்லை. படுக்கை விரித்த எமிலியையும் கேட்டதில்லை, தண்ணீர் அள்ளிய சிவபாதத்தையும் கேட்டதில்லை. பாராட்டு மடலில் பொறாமை எழுதலாகாது என்பர். எழுதாவிட்டால் எங்களுக்கு நெஞ்செரியும்.

கட்டட வரலாற்றைக் காதினிக்கச் சொல்லும் கலை வல்லீர்! முன்மண்டபம் ஒல்லாந்தர் காலத்துப் பண்டசாலை என்பீர்கள், சரி. பக்கத்து அறைகள் வெள்ளைக்கார நீதவான்மார் தங்குவதற்குக் கட்டியவை என்பீர்கள், அதுவும் சரி. பிறகு விருந்தினரைப் பின்பக்கம் கூட்டிப்போய், சோறு ஆக்கும் குசினியின் சுவரைத் தட்டி, "இதுவும் ஒல்லாந்தர் கட்டினதுதான்" என்பீர்கள். அங்கேதான் எங்கள் வயிறு பற்றி எரியும்.

அறுபத்துநான்காம் ஆண்டுப் புயல் பழைய குசினியை அடியோடு கொண்டுபோன பிறகு, கரையில் இடிந்து கிடந்த ஒல்லாந்தர் சுவரின் முருகைக்கற்களைச் சுமந்து, சுண்ணாம்பு குழைத்துப் புதுக்குசினி எழுப்பியவர்கள் நாங்கள் மூவர். எமிலியின் தோளில் கல் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அனுமதியின்றிக் கட்டியதை இடிப்பிக்க மேலதிகாரி ஒருவர் வந்தபோது, கண் இமைக்காமல் சொன்னீர்கள்: "ஐயா, இது ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். புயலுக்குக் கூரைதான் போனது." கல்லின் பழமையைப் பார்த்து அவரும் நம்பினார். குசினி தப்பியது; எங்கள் பேர் போனது.

அன்று அந்தப் பொய் தேவை. அந்த அதிகாரி பென்சன் எடுத்துப் போன பின்னும் அதையே சொன்னீர்களே, அது யாருக்குத் தேவை? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் உழைப்பை அள்ளி ஒல்லாந்தருக்கு வார்த்தீர்கள். சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிவிட்டீர்கள் என்பது எமிலியின் எண்ணம்.

இனி வரலாறு சொல்வது எங்கள் முறை என்று மகிழ்ந்திருந்தோம். போன கிழமை தாங்கள் லீவில் நின்றபோது, மாதம் தவறாமல் வரும் சுருட்டு வியாபாரி பரராசசிங்கத்தைக் குசினிக்குக் கூட்டிப்போய், "இது நாங்கள் கட்டினது" என்று கதிர்காமு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். வியாபாரி சிரித்தார். "சும்மா இரும் காணும். பஸ்ரியாம்பிள்ளை எனக்கு எல்லாம் சொன்னவர்."

ஆகையால், பெருந்தகையீர், மடு மாதாவும் நயினை அம்மனும் தங்களுக்கு நோயற்ற நீண்ட ஆயுளை அருள்வார்களாக. தடி ஊன்றியேனும் ஒருமுறை விருந்தினராக வந்து, நாலு பேர் முன்னால் அந்தச் சுவரைத் தட்டி உண்மையைச் சொல்லவேண்டும். அதற்கு முன் தாங்கள் கண்மூடக் கூடாது. நாங்கள் சொன்னால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

இங்ஙனம்,
கதிர்காமு, எமிலி, சிவபாதம்
பாலையடி வாடிவீட்டுக் குசினியைக் கட்டியவர்கள்
1979