நவமணிக்காக நான் சொன்ன பதில்

தேநீரைக் குடித்துவிட்டே கேளுங்கள், டாக்டர் பரமநாதன். எனக்கு அவசரமில்லை. காலைச் சுற்று முடிந்துவிட்டது, மருந்து கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் எதையும் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நீங்கள் நேராகக் கேட்டீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நவமணிக்கு மாதத் தீட்டு தவறியிருந்ததா இல்லையா என்பதுதானே கேள்வி. பெரிய டாக்டர் அடுத்த வாரம் வைத்தியர்கள் கூட்டத்தில் அவளைப் பற்றி, பெயர் சொல்லாமல், பேசப்போகிறார். கருப்பைக்கு வெளியே, அதுவும் கருக்குழாயில்கூட இல்லாமல், சினைப்பையிலேயே ஒட்டி வளர்ந்த கரு. ஆயுளில் ஒன்று பார்த்தாலே அதிகம் என்கிறார். தீட்டு ஒரு மாதமும் தவறாததால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லப்போகிறார். நீங்களோ குப்பியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது இரண்டு மாதக் கரு ஆயிற்றே, தீட்டு எப்படி ஒழுங்காக வந்திருக்கும் என்கிறீர்கள். நியாயமான சந்தேகம். அந்தக் குப்பியை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைப்பவள் நான்தான். எனக்கும் கண் இருக்கிறது.

நீங்கள் வருவதற்கு முன் இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த டாக்டர் இல்லை. கல்யாணமான நர்ஸ் மிஸ்ஸிகளை வைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. நான் கான்வென்டில் படித்தவள், தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்று பாஷையும் பேசுவேன் என்பதற்காக என்னை மட்டும் விட்டுவைத்தார்கள். பெரிய டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார், நான் தலைமாட்டில் நிற்பேன். நம் பெண்கள் அந்த மாதிரி விஷயங்களை வெள்ளைக்கார ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்களா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் காதில் சொல்வார்கள். மாமியார் கொடுமையில் ஆரம்பித்து வயிற்றுவலியில் முடிப்பார்கள். தேவையானதை மட்டும் பொறுக்கி எடுத்து நான் டாக்டருக்குச் சொல்வேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

நவமணி என் சித்தப்பா மகள். அக்கரையில் பத்து காவான் என்ற தோட்டத்தில் தாயும் தகப்பனும் காய்ச்சலில் போனபின், படகேற்றி நான்தான் இந்தத் தீவுக்குக் கூட்டிவந்தேன். என் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தாள். படிப்பு ஏறவில்லை, ஆனால் கைவேலை சுத்தம். மாதா சபையில் சேர்த்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது, அது கன்னிப்பெண்களின் சபை. திருநாளன்று வெள்ளைச் சேலையும் கழுத்தில் நீல ரிப்பனுமாகச் மாதா சுரூபத்தின் பின்னால் நடப்பார்கள். நடத்தையில் ஒரு சொல் வந்தால் ரிப்பனைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். கன்னியாகவே செத்தால் ரிப்பனோடு அடக்கம் செய்வார்கள்.

அன்று காலை நான் வேலைக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு ரொஸ்னா அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டிவந்தாள். அடிவயிற்றில் வலது பக்கம் கத்தியால் கிழித்தது போல வலி. முகம் வெளுத்து, உதட்டில் ரத்தமில்லை.

எனக்கு அந்த வலியைத் தெரியும். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. கல்யாணமான மறு வருஷம் எனக்கே குழாயில் கரு தங்கி வெடித்தது. தீட்டு தள்ளிப்போயிருக்கிறது என்று நானே என் வாயால் சொன்னேன், பெரிய டாக்டர் உடனே வயிற்றைத் திறந்து என்னைக் காப்பாற்றினார். இன்னொரு குழாயும் சரியில்லை, இனிமேல் பிள்ளை இல்லை என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் ஆர்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு நீ இருக்க, நவமணி இருக்கா, வேற என்ன வேணும்” என்றார். நல்ல மனிதரென்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பெரிய டாக்டர் நவமணியைப் பார்த்தார். தீட்டு எப்படி என்று கேட்கச் சொன்னார். நான் குனிந்து கேட்டேன். அவள் என் காதில் சொன்னாள். நான் நிமிர்ந்து, ஒழுங்காக வருகிறது, போன வாரம்தான் முடிந்தது என்று சொன்னேன்.

அவர் முட்டாள் இல்லை. கொஞ்சம் தயங்கி, உள்ளே கைவைத்துப் பரிசோதிக்கட்டுமா என்று என்னிடமே கேட்டார். கல்யாணமாகாத பெண்ணென்றால் வீட்டுப் பெரியவளின் சம்மதமில்லாமல் இங்கே அப்படிப் பார்ப்பதில்லை. அவளுக்கு வீட்டுப் பெரியவள் நான். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், வேண்டாம் என்றேன். குடல்வால் அழற்சியாக இருக்கும், சாயங்காலம் வரை பார்ப்போம் என்று ஐஸ் பை வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை வலிக்கிறது என்றாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே ஏறினால் தோள் வலிக்கும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ பயிற்சிப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். ஒருக்களித்துப் படுத்ததால் பிடித்துக்கொண்டதாம் என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, நான் சரியாகக் கேட்கவில்லை, மன்னியுங்கள் என்று சொன்னால் போதும். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனதுக்குள் இரண்டு விதமாக அமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆர்தர் வந்தார். பீச் ஸ்ட்ரீட் ஆபீஸிலிருந்து வெயிலில் ஓடியே வந்திருக்கிறார், தொப்பிகூட இல்லை. கட்டிலருகில் போகவில்லை. வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிழைச்சிருவாளா, சவுந்தரம்?”

கேட்கும்போதே அழுதுவிட்டார். நான் அதே வார்டில் வயிறு கிழிபட்டுக் கிடந்தபோது அவர் அழவில்லை, டாக்டரிடம் தைரியமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, பாய்ந்தது ஒன்றல்ல, இரண்டு. “கடவுள் விட்ட வழி, நீங்க ஆபீசுக்குப் போங்க” என்றேன். போனார். சொன்னதைக் கேட்கிற மனிதர்தான்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நாடி இழைபோல் ஆனபோது டாக்டருக்கு ஆள் அனுப்பியது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஓடிவந்து வயிற்றைத் திறந்தார். உள்ளே எல்லாம் ரத்தம். இரண்டு குழாயும் முழுசாக இருந்தன, வலது சினைப்பைதான் கிழிந்திருந்தது. கட்டுவதற்குள் மேசையிலேயே போய்விட்டாள். வெளியே வந்து என் தோளைத் தொட்டு, இது எந்த டாக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத கேஸ், அவளுக்கே தெரிந்திருக்காது, உன்மேல் தவறில்லை என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளியே யாருக்கும் இதைச் சொல்வதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார். ரிப்பனோடுதான் அடக்கம் செய்தோம். சபைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் அவளுக்கு அந்த மரியாதையையாவது காப்பாற்றிக் கொடுத்தேன்.

பெரிய டாக்டரின் உரையில் தீட்டு தவறவில்லை என்றிருக்கும் அந்த வரியை அடிக்க வேண்டாம் என்று நான் கேட்பது எனக்காக இல்லை. போன மாதம் தாசேக் கெலுகோரிலிருந்து வள்ளியம்மா என்று ஒரு தோட்டத்துப் பெண் வந்தாளே, தீட்டு தவறவேயில்லை என்று சத்தியம் செய்தாள். பெரிய டாக்டர் பழைய மாதிரியே இருந்திருந்தால் ஐஸ் பை வைத்திருப்பார். நவமணியை நினைத்து, உடனே திறந்தார். குழாயில் கரு. இன்று அவள் வீட்டில் அடுப்பு மூட்டுகிறாள். என் பதில் அவரைத் திருத்தியிருக்கிறது. கூட்டத்தில் கேட்கிற டாக்டர்களும் திருந்துவார்கள். எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் காதில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

“ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தலக்கா. அத்தான்தான். டாக்டர்கிட்ட சொல்லி என்னை எப்படியாச்சும் காப்பாத்துங்கக்கா, நான் எங்கயாச்சும் போயிடுறேன்.”

அவள் சொல்லி முடித்து நான் நிமிர்வதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து மாட்டுவதற்குள் பதில் சொல்லிவிட்டேன்.

மேசைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருதரம் கண் விழித்தாள். “டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?” என்றாள். “சொல்லிட்டேன்மா” என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைச் சும்மா விட மனசு கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே கோயிலுக்குப் போய், சாகக் கிடந்த நோயாளிக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் அதற்கு அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அங்கேயே முழந்தாளில் நின்று சொல்லி முடித்துவிட்டேன்.